அடுத்தவர் வயலுக்குள் நடக்கலாமா? ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தைச் சுற்றியுள்ள பாதைகள்

நீங்கள் கேட்டிருந்தது இது. ஜூன் மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், கார் கிடையாது, லண்டனிலிருந்து ரயிலில் போய் ஏதாவது ஒரு கிராமத்தில் இரண்டு மூன்று நாள் தங்கிச் சுற்றுப்புறத்தில் நடக்க வேண்டும். எந்த ஊர் நல்லது? மூட்டு வலி உள்ள அப்பாவுக்கு ஏற்ற பாதை உண்டா? வயலுக்கு நடுவே போகும்போது யாராவது சத்தம் போட்டால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பலர் இந்த நாட்டில் வருஷக்கணக்காக இருந்தும் பூங்காவைத் தாண்டி நடக்காமல் இருப்பதற்கு இந்தத் தயக்கம்தான் காரணம். வேலி இருக்கிறது, கதவு இருக்கிறது, உள்ளே மாடு மேய்கிறது. இது யாரோ ஒருவருடைய நிலம், நாம் எப்படி நுழைவது என்று திரும்பிவிடுகிறோம்.

நிலம் தனியாருடையதுதான். அதன் ஊடே போகும் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பொதுவழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. கோயிலுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் பக்கத்து ஊருக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து உண்டான தடங்கள் இவற்றில் பல. 1949-இல் வந்த தேசியப் பூங்காச் சட்டம், ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் ஏறிய வழிக்கு அதுவே சட்டப்படியான சான்று. நிலம் எத்தனை கை மாறினாலும் வழி அப்படியே இருக்கும். பதிவாகாத தடமாக இருந்தாலும், 20 ஆண்டுகள் மக்கள் ஒளிவுமறைவில்லாமல், யாரும் தடுக்காமல், அனுமதி கேட்காமல் நடந்து வந்திருந்தால் அதைப் பொதுவழியாக அறிவிக்கக் கோரலாம்.

இது சும்மா கிடைத்ததும் அல்ல. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். பெரிய நிலக்கிழார்கள் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த இடம் அது. ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 1949 சட்டத்துக்கும், பாதையை விட்டு விலகித் திறந்த மேட்டுநிலங்களில் நடக்க உரிமை தந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அந்த நடை ஒரு முக்கியமான தூண்டுதல். உங்கள் அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். நடக்கும்போது அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, நடைமுறையில் என்ன பார்க்க வேண்டும்? மரக்கம்பத்தில் சின்ன வட்டத் தகட்டில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பழுப்பு வட்டத்தில் நடக்கும் மனிதர் படம் இருந்தால், அங்கே பாதையை விட்டும் போகலாம். அவ்வளவுதான், இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

ஜூனில் போகிறீர்கள் என்பதால் ஒன்று கவனியுங்கள். பல இடங்களில் பாதை கோதுமை வயலை நேர்க்கோடாக வெட்டிக்கொண்டு போகும். ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். இரண்டு பக்கமும் பச்சைக் கதிர் இடுப்பளவு நிற்கும், கையைத் தொங்கப்போட்டால் விரலில் உரசும். பயிரை மிதித்துவிடுவோமோ என்று பயந்து வரப்பு ஓரமாகச் சுற்றிப் போகத் தோன்றும். அப்படிப் போக வேண்டாம். உங்களுக்கு உரிமை இருப்பது நடுவே போகும் அந்தக் கோட்டில்தான், ஓரத்தில் இல்லை. உழுது விதைத்தால் 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப அமைத்துத் தர வேண்டும், வயல் நடுவே போகும் நடைவழி குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று விவசாயிக்கே சட்டம் விதித்திருக்கிறது. அவர் விட்டுவைத்த வழி அது, தைரியமாகப் போங்கள். எதிரே டிராக்டரில் வந்தால் பெரும்பாலும் கைதான் காட்டுவார்.

இனி ஊர். கோட்ஸ்வோல்ட்ஸ் என்ற கிராமப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அழகுதான், ஆனால் கார் இல்லாமல் அங்கே அலைவது கஷ்டம், கோடையில் கூட்டமும் அதிகம். உங்களுக்கு நான் சொல்வது சசெக்ஸில் இருக்கும் ஆல்ஃப்ரிஸ்டன். சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் குக்மியர் என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிற கிராமம். ஒரே ஒரு பிரதான தெரு, அதிலும் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டும். இந்த ஊரைச் சொல்வதற்குக் காரணம், எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒவ்வொரு விதமான நடை கிடைக்கும் என்பதுதான். ஆற்றோரச் சமவெளி, மேட்டின் உச்சி, காடு, கடல் எல்லாமே நடக்கிற தூரத்தில்.

லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸ் வரை ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கே மாறி பெர்விக் என்ற சின்ன நிலையத்தில் இறங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது பெர்விக், சசெக்ஸ் என்று பார்த்து எடுங்கள். ஸ்காட்லாந்து எல்லையில் இன்னொரு பெர்விக் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஆல்ஃப்ரிஸ்டன் சுமார் 5 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி கிடையாது, அதனால் பெட்டி படுக்கையோடு வரும் முதல் நாள் டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பின்னொரு நாள் பை இல்லாமல் அந்த வழியை நடந்தே பாருங்கள், வயல் வழியாகவே போகலாம். நடுவில் பெர்விக் கிராமத்துச் சர்ச்சுக்குள் கட்டாயம் போக வேண்டும். 1940-களின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்தபோது, டங்கன் கிராண்ட், வனெஸா பெல் என்ற ஓவியர்கள் அதன் சுவர்களுக்கு வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. பைபிள் காட்சிகளுக்குப் பின்னால் தெரிவது நீங்கள் நடந்து வந்த அதே மேடுகள்தான். ஓவியர்கள் இருவரும் பக்கத்திலேயே சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீட்டில் குடியிருந்தவர்கள்.

அப்பாவுக்கான பாதை ஆற்றோரம். ஊரின் சர்ச்சுக்குப் பின்னால் 'வெள்ளைப் பாலம்' என்று சொல்லும் நடைபாலம் இருக்கிறது. அதைக் கடந்து வலப்பக்கம் திரும்பினால் குக்மியர் கரை மேலேயே தெற்கு நோக்கி நடக்கலாம். ஏற்றமே இல்லை. அரை மணி நேரத்தில் லிட்லிங்டன் என்ற சிற்றூர் வரும். அங்கே பழைய தேநீர்த் தோட்டம் ஒன்று உண்டு, அப்பா அம்மா போதும் என்றால் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம். இன்னும் நடக்க முடிந்தால் கரையோரமே போங்கள். எதிர்ப்பக்க மேட்டுச் சரிவில் வெள்ளைக் குதிரை உருவம் ஒன்று தெரியும். புல்லைச் செதுக்கி, அடியில் இருக்கும் வெண்பாறையைக் காட்டி 1924-இல் உருவாக்கியது. ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் எக்ஸீட் என்ற இடம் வந்துவிடும். அங்கே தேசியப் பூங்காவின் தகவல் மையம், கழிப்பறை, பேருந்து நிறுத்தம் எல்லாம் இருக்கின்றன. கடற்கரைச் சாலையில் ஓடும் ஈஸ்ட்போர்ன், பிரைட்டன் பேருந்துகள் நிற்கும் இடம் அது. எக்ஸீட்டிலிருந்து கடல் வரை சமமான, கெட்டியான பாதை போகிறது, தள்ளுவண்டியும் போகும்.

எக்ஸீட்டில் ஆறு பெரிய பெரிய வளைவுகளாக நெளிந்து கிடக்கும். எல்லோரும் படமெடுக்கும் காட்சி. ஆனால் அந்த வளைவுகளில் இப்போது ஆறு ஓடவில்லை. 1846-இல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றை அதில் திருப்பிவிட்டார்கள். வளைவுகளில் நிற்பது தேங்கிய நீர். பறவை பார்க்கப் பிரியப்பட்டால் அதன் ஓரமாக உட்காருங்கள், கொக்கும் வாத்தும் நிறைய வரும்.

கால் உறுதியாக இருப்பவர்களுக்கு எக்ஸீட்டுக்கு வேறு வழி உண்டு. லிட்லிங்டனிலிருந்து சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதை வெஸ்ட்டீன் கிராமத்தை ஒட்டிய காட்டு வழியாக ஏறுகிறது. நீண்ட படிக்கட்டு ஏறி, ஒரு கல்சுவரைத் தாண்டினால், அதுவரை மரம் மறைத்திருந்த பள்ளத்தாக்கு முழுவதும், கடல் வரை, ஒரேயடியாகக் கீழே விரியும். அந்த இடத்தைப் பார்க்கவே அந்தப் படியை ஏறலாம்.

இப்போது நீங்களும் உங்கள் மனைவியும் தனியாகப் போக வேண்டிய நடை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதே வெள்ளைப் பாலத்தைக் கடந்து, வலப்பக்கம் திரும்பாமல் நேராகக் கிழக்கே போங்கள். சாலையைக் கடந்து நீல அம்பைப் பிடித்து ஏறினால் விண்டோவர் ஹில். உயரம் 214 மீட்டர்தான், நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது மலையே அல்ல. ஆனால் ஆறு ஏறக்குறைய கடல் மட்டத்தில் ஓடுகிறது, அங்கிருந்து ஏறுவதால் மூச்சு வாங்கத்தான் செய்யும். நாற்பது நிமிஷம் பிடிக்கும்.

ஏறும்போது தரையைப் பாருங்கள். மண் தேய்ந்த இடமெல்லாம் சாக்பீஸ் வெள்ளை. இந்த மேடுகள் முழுவதுமே சாக் பாறைதான். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் அடியில் படிந்து இறுகிப் பாறையானது. நடுநடுவே கறுப்பாகக் கண்ணாடி போல உடைந்து கிடப்பது சிக்கிமுக்கிக் கல். ஊரில் சர்ச், பல வீடுகள், மதில்கள் எல்லாம் அந்தக் கல்லால்தான் கட்டியிருக்கிறார்கள்.

சாக் மழைநீரை உறிஞ்சிவிடும். அதனால் மேட்டில் ஓடையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. உறிஞ்சிய தண்ணீர் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. பெர்விக், அல்சிஸ்டன், வில்மிங்டன் என்று கிராமங்கள் மேட்டின் காலடியில் வரிசையாக இருப்பதன் ரகசியம் இதுதான். மேலே ஆடுகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மேய்ப்பர்கள் குழி வெட்டி, களிமண் பூசி, மழைநீரைத் தேக்கினார்கள். அப்படிப்பட்ட வட்டமான குட்டைகளை இன்றும் பார்க்கலாம். உங்களுக்கு இதில் நேரடியான விஷயம் ஒன்று உண்டு: மேலே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சிக்குப் பக்கத்தில் தெற்கே திரும்பிப் பார்த்தால் டீப் டீன் என்ற பள்ளத்தாக்கு, செங்குத்தாக இறங்கும் வெறும் புல். தண்ணீரே இல்லாத இடத்தில் தண்ணீர் அறுத்தது போன்ற பள்ளம் எப்படி வந்தது என்று தோன்றும். பனியுகத்தில் நிலம் உறைந்திருந்தபோது உருகிய நீர் உள்ளே இறங்க முடியாமல் மேலாகவே ஓடி அறுத்தது என்பதுதான் விளக்கம். இந்த நாட்டுப்புறம் அலை அலையாகத் தெரிவதற்கு இப்படிப்பட்ட உலர்ந்த பள்ளத்தாக்குகள் ஒரு பெரிய காரணம்.

புல்லையும் கவனியுங்கள். ஆடு மேய்ந்து மேய்ந்து கம்பளம் மாதிரி இருக்கும், ஆனால் குனிந்து பார்த்தால் புல்லைவிட மற்றச் செடிகளே அதிகம். இப்படிப்பட்ட சாக் புல்வெளியில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள் வரை இருக்கும். ஜூனில் காட்டுத் தைம் பூத்திருக்கும், மிதித்தால் வாசனை வரும். ஆர்க்கிட் பூக்கள் விரல் உயரத்தில் நிற்கும். மேலே வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருக்கும், குரல் வரும் திசையில் எவ்வளவு தேடினாலும் ஒரு புள்ளிதான் தெரியும். அது தரையில் கூடு கட்டும் பறவை, அதனால் இந்தப் பருவத்தில் பாதையை விட்டு அதிகம் விலகாமல் நடப்பது நல்லது.

உச்சியில் கற்காலத்து நீள்புதைமேடு ஒன்று இருக்கிறது. அப்புறம் வடக்குச் சரிவில்தான் 'லாங் மேன்' என்ற மனித உருவம். இரண்டு கையிலும் நீண்ட கோல் பிடித்து நிற்கும் வெறும் கோட்டுருவம், உயரம் சுமார் 72 மீட்டர். உச்சியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பலர் மேலே நின்று தேடிவிட்டு ஏமாந்து போகிறார்கள். இறங்கி அடிவாரப் பாதையில் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். சரிவில் வரைந்திருப்பதால் உடல் நீட்டிப் போடப்பட்டிருக்கிறது, கீழிருந்து பார்க்கும்போது அளவு சரியாகத் தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டு பழையது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2003-இல் அடிவாரத்தில் தோண்டிப் பார்த்தபோது, பதினாறு அல்லது பதினேழாம் நூற்றாண்டில் வெட்டியிருக்கலாம் என்று தெரிய வந்தது. யார், எதற்காக என்பதற்கு இன்னும் பதில் இல்லை. மங்கிப்போன உருவத்துக்கு 1874-இல் செங்கல்லால் கரை கட்டினார்கள், 1969-இல் அதை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டிகள் பதித்து வெள்ளை அடித்தார்கள்.

அங்கிருந்து வில்மிங்டன் கிராமம் பக்கம்தான். சர்ச் முற்றத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும் யூ மரத்தின் வயது 1,600 ஆண்டு என்கிறார்கள். திரும்ப மில்டன் ஸ்ட்ரீட் என்ற சிற்றூர் வழியாக வயல்களைக் கடந்து ஆல்ஃப்ரிஸ்டன் வந்துவிடலாம். மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். நின்று பார்த்து நடந்தால் நான்கு மணி நேரம் வையுங்கள். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினாலும் தாராளமாக முடியும்.

மேற்குப் பக்கம் ஃபர்ல் பீக்கன் என்ற உச்சி வரை போகும் மேட்டு நடையும் நன்றாகத்தான் இருக்கும். 217 மீட்டர், விண்டோவரை விட ஒரு பிடி உயரம். ஏறிவிட்டால் அகலமான புல்வழி, வழி தவறவே வாய்ப்பில்லை. ஆனால் ஒதுங்க நிழலே கிடையாது. காற்றோ வெயிலோ அதிகமான நாளில் வேண்டாம்.

செவன் சிஸ்டர்ஸ் என்ற கடலோரச் செங்குத்து வெண்பாறைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எப்படியும் போகத் தோன்றும். குக்மியர் முகத்துவாரத்திலிருந்து பெர்லிங் கேப் என்ற கடற்கரை வரை சுமார் 4 கிலோமீட்டர், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். விளிம்பில் வேலி கிடையாது. அந்த வெண்பாறையைக் கடல் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருப்பதால் மேலே கெட்டியாகத் தெரியும் புல்லுக்குக் கீழே சில இடங்களில் வெறும் காற்றுதான். முன்னறிவிப்பில்லாமல் பெரிய துண்டாகச் சரியும். படம் எடுக்க விளிம்புக்குப் போவதும், கீழே கடற்கரையில் பாறையின் அடியில் உட்காருவதும் வேண்டவே வேண்டாம். அம்மா அப்பாவிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மாடுகளைப் பற்றியும் சொல்கிறேன், நம் ஊர் மாட்டைத் தட்டிக்கொடுத்துப் பழகிய கை இங்கே சும்மா இருக்க வேண்டும். மந்தையில் கன்று இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். பாதை மந்தைக்குள் போனால் சுற்றிக்கொண்டு போங்கள். ஆர்வத்தில் பின்னாலேயே வரும், ஓடாமல் நிதானமாக நடந்தால் நின்றுவிடும். கதவைத் திறந்தால் திரும்ப மூடுங்கள், திறந்தே கட்டி வைத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பல இடத்தில் கிஸ்ஸிங் கேட் இருக்கும். அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் கதவு, ஒருவர் நுழைந்து ஒதுங்கி நின்று, கதவை மறுபக்கம் தள்ளி வெளியேற வேண்டும். வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருக்கும் இடங்கள்தான் மூட்டு வலிக்காரர்களுக்குச் சிரமம், முந்தின நாளே நீங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஊருக்குள் ஓய்வெடுக்கும் நாளில் சர்ச் பக்கத்தில் இருக்கும் கிளர்ஜி ஹவுஸ் என்ற பழைய பாதிரியார் வீட்டைப் பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கூரை வீடு. இடிய இருந்ததை 1896-இல், பழைய கட்டிடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கியது, அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டிடம் இதுதான். உள்ளே கூடத்துத் தரை, இடித்த சாக் பாறையில் புளித்த பால் ஊற்றி இறுக்கியது. நம் வீடுகளில் சாணி மெழுகியதைப் பார்த்து வளர்ந்த உங்கள் அம்மாவுக்கு அந்தத் தரை உடனே புரியும். திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கு, அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, ஆரஞ்சு அட்டை, 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர். பொதுவழிகள் பச்சைப் புள்ளிக்கோடுகளாக இருக்கும், ஒவ்வொரு வயலின் எல்லையும் தெரியும். கூகுள் மேப்பை நம்பாதீர்கள், பாதி வழி அதில் இருக்காது. செயலியாகவும் கிடைக்கிறது, ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும் என்பதால் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், ஈரமான சாக் பாறையில் சோப்பில் நடப்பது போலத்தான் வழுக்கும். உயரமான புல்லில் நடந்த அன்று ராத்திரி கணுக்கால், முழங்கால் பின்பக்கம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில உண்ணிகள் லைம் என்ற நோயைப் பரப்பும்.

சாப்பாட்டுக்கு ஊரில் பப், தேநீர்க் கடை எல்லாம் உண்டு. ஆனால் பல பப்களில் சமையலறை மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் மூடிவிடும். அம்மா வரும்போது புளிக்காய்ச்சல் கொண்டுவரச் சொல்லுங்கள். சமையலறை இருக்கிற தங்குமிடமாகப் பார்த்து எடுத்தால் காலையில் சாதம் கிளறி டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அறையைச் சீக்கிரம் பதிவு செய்யுங்கள், ஜூனில் வார இறுதிகள் முதலில் நிரம்பிவிடும், திங்கள் முதல் வியாழன் வரை என்றால் வாடகையும் குறையும், பாதையிலும் கூட்டம் இருக்காது.